எழுந்து போனவர்

வேதாசலம் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, செலியமேட்டில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். மடையை அடைத்த பிறகுதான் வரப்பில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. மூன்று வருடமாக ஒரு கேள்வியை அவரிடம் கேட்காமலே விட்டேனே என்று என்மேல் எனக்கே எரிச்சல்.

மாலை போட இங்கே வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் அவர் கல்லூரியில் வரலாறு சொன்ன புரொபசர். எனக்கு அடுத்த நிலத்துக்காரர், ஒத்த வயது. ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு ஒரே பைத்தியம்தான். அமெரிக்காவின் தெற்கே ஒரு மாநிலச் சட்டமன்றம். அடிமைத்தளை அறுந்தபின் ஜெயித்து வந்த கறுப்பின உறுப்பினர்களை, கூட உட்கார்ந்திருந்தவர்களே ஓட்டெடுத்து வெளியே அனுப்பினார்கள். 'சட்டம் உங்களுக்கு ஓட்டுத்தான் கொடுத்தது, நாற்காலி கொடுக்கவில்லை' என்பது வாதம். அந்தக் கதையைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். பிழை பார்ப்பது, பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்த நான்.

ஒருநாள் கேட்டேன், துரத்தப்பட்டவர்களை விட்டுவிட்டுத் துரத்தியவர்கள் பெயரை ஏன் நோட்டில் எழுதுகிறீர்கள் என்று. "தொரத்தப்பட்டவங்களுக்கு நினைவுக் கல்லு வெச்சுட்டாங்க வாத்தியாரே. கை தூக்கினவன் பேர யாரு ஞாபகம் வெச்சிருக்கான்? அதவிட மோசம் இன்னா தெரியுமா, ஓட்டெடுக்கும்போது எழுந்து வெளிய போனவன். கை தூக்கினவனுக்காவது ஒரு கை இருந்துது."

பிறகு நம் ஏரிச் சங்கத்தில் அந்தக் கூட்டம் வந்தது. காலனியிலிருந்து கமிட்டிக்கு ஜெயித்து வந்த அஞ்சலை, முறைத் தண்ணீரைக் கடைமடைக்கு முதலில் விடச் சொன்னாள். அடுத்த கூட்டத்திலேயே அவள் குத்தகை நிலம் பேச்சாகிவிட்டது. குத்தகைக்காரிக்கு ஓட்டு உண்டு, கமிட்டியில் இடம் கிடையாது என்றார் தலைவர். என் நிலம் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் இருக்கிறது. அவளை நீக்க முதலில் கை தூக்கியது நான். தலைவர் எண்ண ஆரம்பித்தபோது வேதாசலம் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

வாசலில் அஞ்சலை அவரை நிறுத்தினாள். "சார், நீங்க இன்னா சொன்னீங்க?"

"போன் வந்துச்சும்மா."

அவள் புடவையை உதறிக்கொண்டு நடந்தாள். அன்றோடு அவர் எழுதுவது நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவரும் என்னைத் திருப்பிக் கேட்பாரே.

காரியம் முடிந்த அன்று மகள் அந்த நோட்டைக் கொடுத்தாள். "அப்பா இத்த உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு மாமா." அமெரிக்கப் பெயர்கள் முடிந்த இடத்தில், அதே மாதிரி கோடு போட்டு, நம் சங்கம். கை தூக்கியவர்கள் ஏழு பேர். எழுந்து போனவர் என்று ஒரே பெயர்: வேதாசலம். பக்கத்தில், 'போன் வரவில்லை.'

அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அதைப் படித்ததும் கூடியதா குறைந்ததா, இன்னும் பிடிபடவில்லை. மனுஷன் தன்னையும் விட்டுவைக்கவில்லை, என்னையும் விட்டுவைக்கவில்லை. அந்த அமெரிக்கச் சபையில் துரத்தப்பட்டவர்களைப் பின்னால் திரும்ப அழைத்து உட்கார வைத்தார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் தெளியும்.

அவர் படத்தை வைத்திருக்கும் இந்த அறையில்தான் அன்றைக்கு ஓட்டெடுத்தோம். இத்தனை நாற்காலி காலியாகக் கிடக்க, அஞ்சலை வாசலிலேயே நிற்கிறாள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு பக்கம்தான். மாலை போடுவதற்கு முன் அதை வாசித்துவிடுகிறேன். அந்த ஏழில் முதல் பெயர் என்னுடையது.