‘வெளியேறு’ என்றொரு பொத்தான்

செயலிகளின் திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எந்தப் பொத்தானில் என்ன எழுத வேண்டும் என்று தீர்மானிப்பது என் பிழைப்பு. திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். சென்னைக் கம்பெனி ஒன்று, தையல் வேலை செய்யும் பெண்கள் கூடிப் பேச ஒரு செயலி கேட்டது. கண்டாச்சிபுரத்தில் ஜாக்கெட் தைப்பவளும் கோட்டக்குப்பத்தில் புர்கா தைப்பவளும் ஒரே இடத்தில் சந்தேகம் கேட்கலாம், மனசு விட்டுப் புலம்பலாம். ஆசை ஆசையாகச் செய்தேன்.

முதலில் களைகட்டியது. கழுத்து இறக்கம், நூல் அறுந்துபோவது, மாமியார் பஞ்சாயத்து எல்லாம் ஓடியது. அப்புறம் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். இப்படியே போனால் மாதக் கடைசியில் இழுத்து மூடிவிடலாம் என்றார் கம்பெனி மேலாளர்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்குச் சிலரை வரச்சொல்லி விசாரித்தேன். அவர்கள் வீடுகளில் ஒரே போன்தான். சாயங்காலம் அது வீட்டுக்காரர் கைக்குப் போய்விடும். கண்டாச்சிபுரத்துப் பெண் மாமியாரைப் பற்றிப் புலம்பியதை, வீட்டுக்காரர் அம்மாவிடமே வாசித்துக் காட்டியிருக்கிறார். வீடு ரெண்டுபட்டது. அந்தச் சேதி தெரிந்ததும் மற்றவர்களும் அடங்கிவிட்டார்கள்.

பேசி முடித்ததும் மூடிவிட்டுப் போகத்தானே பொத்தான் இருக்கிறது, ஏன் அமுக்கவில்லை என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன்.

“‘வெளியேறு’ன்னு போட்டிருக்குதுங்க. அமுக்கினா குரூப்ப வுட்டே தொரத்திடுவாங்க, அப்புறம் சேத்துக்க மாட்டாங்கன்னு பயந்துக்கினு இருந்தேன்” என்றாள் கண்டாச்சிபுரத்துப் பெண். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல்லைத்தான் போட வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. நம் ஊரில் பிடிக்காத விருந்தாளியைக்கூட யாரும் வெளியேறு என்பதில்லை. அன்றைக்கே மேலாளரைப் போனில் பிடித்துச் சண்டை போட்டேன். எல்லாச் செயலியிலும் அப்படித்தானே இருக்கிறது, நமக்கு மட்டும் என்ன என்றார்.

“சார், ஆபீஸ் விட்டுக் கிளம்புறப்ப நீங்க என்ன சொல்வீங்க?”

“வர்றேன்னு சொல்வேன்.”

“அதைத்தான் போடப்போறேன்.”

அவர் ‘பை’ சொல்லி வைத்துவிட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மாற்றினேன். பொத்தானில் ‘போய்ட்டு வர்றேன்’. அதை அமுக்கினால், திரை மூடும் முன் ‘போய்ட்டு வாங்க’ என்று வரும். மறுபடி திறக்க, முன்பு போலவே, அவரவர் ரகசிய எண் வேண்டும்.

எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டு ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மத்தியானம் கண்டாச்சிபுரத்துப் பெண் செயலிக்குள் வந்தாள். ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைக்கும்போது சுருக்கம் விழுகிறது என்று கேட்டுவிட்டு, மாமியாரைப் பற்றியும் ரெண்டு வரி சேர்த்தாள். கோட்டக்குப்பத்திலிருந்து பதில் வந்தது. பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கூடத்தில் ஒரு சுற்று ஆடினேன்; வெட்கமே இல்லை. சாயங்காலம் அவள் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். போன் வீட்டுக்காரர் கைக்குப் போயிற்று. அவருக்கு வாசிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததும் அவள் எழுதியிருந்தாள்: “போய்ட்டு வாங்கன்னு சொல்லுச்சிங்க. அதான் வந்துட்டேன்.”

மாதக் கடைசியில் மேலாளர் போன் செய்து, செயலியை மூடவில்லை, மற்ற மாவட்டங்களுக்கும் இதே பொத்தான் போகட்டும் என்றார். வழக்கமாக ‘பை’ சொல்லி வைத்துவிடுகிற மனிதர், கொஞ்சம் தயங்கி, “சரிம்மா, வர்றேன்” என்றார்.

“வாங்க சார்” என்றேன்.