கம்பளி போர்த்திய கன்சோல்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டு ஹாலில் பிரான்ஸ் அணி மொத்தமாகக் காணாமல் போய்விட்டது.

பதினொரு பேரும். கோல் கீப்பர் உட்பட. இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துக்கொண்டிருந்த நேரம். டிவி ஒரு சிமிட்டுச் சிமிட்டியது... அப்புறம் இருட்டு.

"போச்சு!" என்று கத்தினார் என் கணவர் அந்துவான். கத்திய சத்தத்தில் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். அவர் கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடி, பஸ்ஸைத் தவறவிட்டவர் போல நின்றுகொண்டிருந்தார். உடனே போன் அடித்தது. எதிரணியாக, பிரான்சில் லியோன் நகரத்திலிருந்து ஆடிக்கொண்டிருந்த எங்கள் மகன்தான். "இன்னாப்பா, ஜெயிக்கும்போதே ஓடிட்டீங்க?"

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் புதுச்சேரியில் ஓய்வு பெற்ற ஆண்கள் சாயந்திரமானால் மைதானத்துக்குப் போய் இரும்புக் குண்டு வீசி பெத்தாங்க் ஆடுவார்கள். இவருக்கு முட்டி வலி. குனிந்து குண்டை எடுக்க முடியாது. அதனால் சோபாவில் உட்கார்ந்தபடி வீடியோ கேமில் கால்பந்து ஆடுகிறார். வாரம் ஒரு மேட்ச், மகனோடு. ஏன் பிரான்ஸ் என்று கேட்காதீர்கள். உலகக் கோப்பை சமயத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு தடவை வந்து பாருங்கள், புரியும்.

கேம் ஆடுகிற பெட்டி, அதாவது கன்சோல், புத்தம் புதிது. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இதற்கு முன்னால் மகன் காலேஜ் காலத்தில் வாங்கிய பழைய பெட்டி ஒன்று இருந்தது. அது விழாத இடமில்லை. டீ குடித்திருக்கிறது. ஒரு தடவை முகப்பில் சிவப்பு லைட் எரிந்து படுத்துவிட்டது. மகன் இன்டர்நெட்டில் எதையோ படித்துவிட்டு, அதை ஒரு டர்க்கி டவலில் சுற்றி ஆன் செய்து வைத்தான். உள்ளே நன்றாகச் சூடேறியதும் உயிர் வந்துவிட்டது! (தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். வீடு பற்றிக்கொள்ளும்.) அன்றைக்கு என் கணவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த இயந்திரத்துக்குக் குளிர் ஆகாது, கதகதப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று.

இதை ஞாபகமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெல்லித்தோப்பு சலீம் பாய் கடைக்குப் போனோம். டிவி, லேப்டாப், கன்சோல் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். வாய் ஓயாது. ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே எங்களுக்கு வகுப்பு எடுத்தார்.

"மொத வருஷத்து மாடல வாங்கவே கூடாது மேடம். அதுல தப்பு கண்டுபுடிக்கிற வேல நம்முளுது. அடுத்த வருஷம் அவன் அந்தத் தப்ப சரி பண்ணி, பொட்டிய கொஞ்சம் ஒல்லியாக்கி, திருப்பி நம்மகிட்டயே விப்பான். நாமளும் சந்தோசமா வாங்குவோம்."

"அப்ப புது மாடல் எதுவும் ஒழைக்காதா பாய்?" என்றார் கணவர்.

"ஒழைக்கும் சார். ஆனா பழசவிட இதுங்களுக்கு வேகம் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி. நல்லா மூச்சு விட எடம் குடுத்தா..."

பேச்சு பாதியில் நின்றது. மேல் தகடு கழன்று வந்துவிட்டது. சலீம் பாய் உள்ளே பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடியும் உள்ளே பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"இன்னா சார், உள்ள ஸ்வெட்டர் பின்னிக்கினு கீது?"

ஃபேன் முழுக்க ரோஸ் கலர் கம்பளி நூல் தூசி. அடை அடையாக! "காத்து போவ வழியே இல்ல. சூடு தாங்காம பவர் சப்ளை போயிட்டுது. மாத்திக் குடுக்கறேன். ஆனா இத எதாலயோ மூடி வெச்சிருந்தீங்களே, அது இன்னாது?"

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது என்ன என்று எங்களுக்குத் தெரியும். யார் பின்னியது என்றும் தெரியும். அதுதான் பிரச்சினையே.

என் கணவரின் அக்கா மதலேன். ஓய்வு பெற்ற டீச்சர். இரண்டு தெரு தள்ளி வீடு. கான்வென்டில் கற்றுக்கொண்ட குரோஷே பின்னல் வேலை இன்றைக்கும் விரலில் இருக்கிறது. கடலோர ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்... உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், ஃப்ரிஜ்ஜைத் தின்னும், சைக்கிளைத் தின்னும். அதனால் எங்கள் ஊரில் எதை வாங்கினாலும் முதலில் அதற்கு ஒரு கவர். மதலேன் அண்ணி இதில் ஒரு படி மேலே. டிவிக்கு, மிக்ஸிக்கு, டெலிபோனுக்கு, ஏன், டிஷ்யூ டப்பாவுக்குக்கூட உடை பின்னிப் போட்டவர்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். "டேய் அந்துவான், கேட்ட ஏன்டா தெறந்து போட்டுக்கீற?" என்று திட்டிக்கொண்டேதான் உள்ளே வருவார். தம்பியைத் திட்டாமல் அவரால் காபி குடிக்க முடியாது. திட்டு வாங்காமல் இவரால் இருக்க முடியாது.

அப்படிப்பட்டவர் ஒன்றரை வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. காரணம், ஒரு போட்டோ. அவர் மகளின் கல்யாண வரவேற்பில், குடும்ப போட்டோ எடுக்க எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். தாய்மாமனைக் காணோம். எங்கே? பந்தியில். பிரியாணி பரிமாறிய இலைக்கு முன்னால். போட்டோகிராபர் அவசரப்படுத்த, தாய்மாமன் இல்லாமலே படம் எடுத்தாயிற்று. ஆல்பம் வந்ததும் அண்ணி பேச்சை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. எங்கள் மகன் அந்தக் கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்ததுதான் இந்தப் புது கன்சோல். அக்கா பேசாத ஞாயிற்றுக்கிழமைகளை இவர் அதை வைத்துத்தான் ஓட்டினார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அண்ணி தானாகவே வந்தார். கையில் ஒரு பை. உள்ளே ரோஸ் கலர் கம்பளியில், ஓரமெல்லாம் பூ வைத்து, கன்சோலுக்கு ஒரு கவர்! "உங்க பொட்டிக்கு அளவு சரியா இருக்கா பாருங்க" என்றார்.

கவனித்தீர்களா? உங்க. பாருங்க. கூடப் பிறந்த தம்பியை ஒரு அக்கா மரியாதையாகப் பேசுவதைப் போல ஒரு தண்டனை உலகத்தில் உண்டா? அண்ணி வந்து உட்கார்ந்தார், மெதுவாகப் பேசினார், காபி நன்றாக இருக்கிறது என்றார், போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி இவர் சரியாகச் சாப்பிடவில்லை. "அக்கா என்ன 'நீங்க'ன்றாங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

வந்தவரையாவது தக்கவைத்துக்கொள்ள வேண்டுமே! அந்தக் கவரை இவர் கழற்றவே இல்லை. ஆடும்போதும் கவர், ஆடாதபோதும் கவர். ஃபேன் மாவு மெஷின் மாதிரி கத்தியது. "இன்னாங்க, இப்டி சத்தம் போடுது?" என்று கேட்டேன். "புது மாடல் இல்ல... அப்டித்தான் இருக்கும்" என்றார். மனசுக்குள் டர்க்கி டவல் வைத்தியத்தின் மேல் ஒரு நம்பிக்கை வேறு.

இப்போது புரிகிறதா, சலீம் பாய் கடையில் நாங்கள் ஏன் திருடர்கள் மாதிரி முழித்தோம் என்று? உன் கவர்தான் கன்சோலைக் கொன்றது என்று அண்ணியிடம் யார் சொல்வது? சொன்னால் இந்த அரைகுறை உறவும் போய்விடும். திரும்பி வரும் வழியிலேயே இருவரும் பேசி முடித்துவிட்டோம். பழியைப் புது மாடல் மேல் போடுவதென்று.

ஒன்று சொல்லவா? "இந்தக் காலத்துப் பொருள் எதுங்க ஒழைக்குது?" என்று நாம் அடிக்கடி அலுத்துக்கொள்கிறோமே, அதில் பாதி இப்படி வீட்டில் யாரையோ காப்பாற்றச் சொன்ன பொய்யாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். மருமகள் போட்டு உடைத்த கிரைண்டர், மாமனார் தண்ணீர் ஊற்றிக் கழுவிய டேபிள் ஃபேன்... எல்லாவற்றுக்கும் கம்பெனிக்காரன்தான் பொறுப்பு. அவன் வந்து மறுக்கவா போகிறான்?

ஆனால் அண்ணியை நாங்கள் தப்புக்கணக்குப் போட்டுவிட்டோம். சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் பிள்ளைகளை அடக்கிய கண்.

"உங்கள ஏமாத்திக்கீறாங்க. நாளைக்கு இத வாங்கின கடைக்குப் போவோம்."

"வேணாங்க்கா, வாரண்டிகூட முடிஞ்சிட்டுது..."

"வாரண்டி முடிஞ்சா நியாயமும் முடிஞ்சிடுமா?"

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். சீருடை போட்ட ஒரு பெண் புன்னகையோடு வந்தாள். பாவம், அவளுக்கு அன்றைய முதல் வாடிக்கையாளர் மதலேன் அண்ணி.

"பழசு பன்னெண்டு வருஷம் ஓடிச்சி. இது ரெண்டு வருஷம்கூடத் தாங்கல. ஒண்ணுக்கும் ஒதவாத மாடல வயசானவங்க தலையில கட்டறதா? மோன் தியூ, கடவுளே! உங்க முதலாளி எங்க?"

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் ஓடி வந்தார். எங்களிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீதானம்மா அந்த செக்ஷன்? கஸ்டமருக்கு எல்லாம் சொல்லித்தானே வித்த?" அவள் முகம் வெளிறிப்போயிற்று. "எல்லாம் சொன்னேன் சார்" என்றவள், தயங்கித் தயங்கி அண்ணியைக் கேட்டாள். "மேடம்... நல்லா காத்தோட்டமாத்தான வெச்சிருந்தீங்க?"

"காத்தோட்டமாவா? கடல் காத்து ஒரு சொட்டு படாம பொத்திப் பொத்தி வெச்சிருக்கோம்! நானே கம்பளியில கவர் பின்னிப் போட்டேன்."

அந்தப் பெண் அண்ணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் வாடிக்கையாளரை எதிர்த்துப் பேச முடியாது. நான் கணவரின் முதுகில் ஒரு விரலால் குத்தினேன். நம் பொய்க்கு யார் வீட்டுப் பெண்ணோ திட்டு வாங்குவதா?

இவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஏசி கடை!

"அக்கா... தப்பு மாடல் மேல இல்ல. ஆடும்போது கவர எடுத்திருக்கணும். நான் எடுக்கல. அதான் சூடேறிப் போயிட்டுது."

"ஏன் எடுக்கல?"

வரிசையாக மாட்டியிருந்த டிவிகளில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. மேனேஜர் காத்திருந்தார். அறுபது தாண்டிய மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ போட்டதாச்சேக்கா. எடுத்தா, நீ மறுபடியும் வராம போயிடுவியோன்னு..."

அண்ணிக்கு உதடு துடித்தது. அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அண்ணியாவது அழுவதாவது!

"டேய் மக்கு! மக்கு, மக்கு! அதுக்குக் குளுருதுன்னாடா நான் பின்னிப் போட்டேன்? ஆடாதப்ப தூசி படக்கூடாதுன்னு போட்டேன். காருக்குக் கவர் போடறியே, கவரோடவா ஓட்டிக்கினு போற?"

மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். அந்தப் பெண் பில் கவுன்டருக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினாள். அண்ணி நிறுத்தவில்லை. ஒன்றரை வருஷ பாக்கி இருந்ததே!

"அன்னிக்கி ஃபோட்டோவுக்கு நிக்காம, பந்தியில அப்டி இன்னாடா அவசரம் உனக்கு?"

"பிரியாணி ஆறிடும்னு சொன்னாங்கக்கா..."

"அது ஆறிச்சோ இல்லியோ, எனக்கு இன்னும் ஆறலடா!"

இதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. இவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உதறவில்லை. கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் அண்ணி அந்தப் பெண்ணிடம் போய், கன்னத்தைத் தட்டி மன்னிப்புக் கேட்டார். பிறகு காரில் ஏறியதிலிருந்து வீடு வரைக்கும் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தார். முட்டி வலிக்கு ஏன் டாக்டரைப் பார்க்கவில்லை, தலைக்கு ஏன் இவ்வளவு டை... இவர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். திட்டு வாங்குவதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு சந்தோஷமா!

சலீம் பாய் பவர் சப்ளையை மாற்றி, கம்பளித் தூசியைத் தோண்டி எடுத்துக் கொடுத்துவிட்டார். பெட்டி ஜம்மென்று ஓடுகிறது. புது மாடல்களை நம்பலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். சூடு ஜாஸ்தி, விலை ஜாஸ்தி, மூச்சு விட இடம் கொடுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மூடி வைத்தால் மனசும் சூடாகும் என்று ஒரு வரி எழுதக் கை பரபரக்கிறது. எழுத மாட்டேன். அண்ணி இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு அண்ணியும் வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். ஆஃப்சைட் என்றால் என்னவென்று தெரியாது, ஆனாலும் அத்தனை பேரையும் திட்டுகிறார். பிரான்ஸ் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறது.

நேற்று மகன் போனில் புலம்பினான். "அம்மா, அத்தைய கொஞ்சம் மைக்க விட்டுத் தள்ளி ஒக்கார சொல்லும்மா. காது கிழியுது."

சொல்ல மாட்டேன் என்றேன். ஒன்றரை வருஷம் சத்தமில்லாமல் கிடந்த வீடு இது, கிழிந்தால் கிழியட்டும்.