ராவிரியின் சட்டைப்பைத் துண்டு

இரண்டு வருடமாக ராவிரி, குலத்தின் கூடுமிடமான மராயேயில் விருந்தாளிகளை வரவேற்கும் வரிசையில் நிற்பதில்லை. வருகிறவரோடு மூக்கும் நெற்றியும் ஒட்டி, ஒரே மூச்சை இருவரும் இழுக்க வேண்டும். பார்க்கின்சன் நோய் வந்தபின் எச்சிலை விழுங்க அவர் தொண்டை மறந்துபோயிற்று. குனிந்தால் வாயோரம் ஒழுகிவிடும். சட்டைப்பையில் துண்டோடு சமையலறைக்குள் ஒதுங்கிக்கொள்வார்.

பதினெட்டு வருடம் கழித்து அண்ணன் ஹோரி பெர்த்திலிருந்து வருகிறார் என்று தெரிந்ததும், ராவிரி யாருக்கும் சொல்லாமல் ரொட்டோருவா நகரத்து மருத்துவரிடம் போய், எச்சில் ஊறுவதைக் குறைக்க, அதன் சுரப்பிகளில் போட்டுலினம் நஞ்சை ஊசியாகப் போட்டுக்கொண்டார். பலிக்க ஒரு வாரமாகும், மூன்று மாதம் தாங்கும் என்றார் மருத்துவர்.

"கன்னத்துல விஷத்தை ஏத்திட்டு வந்திருக்கியே கிழவா, இனி முத்தம் குடுத்தா நான் செத்துருவேனா?" என்றாள் மனைவி மீரி.

"குடுத்துத்தான் பாரேன். வருஷக்கணக்காச்சு."

எட்டாம் நாள் காலை தலையணை காய்ந்திருந்தது. அதைத் தடவியபடியே கிடந்தார். ஜன்னலுக்கு வெளியே மண்ணடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்து எழுந்த நீராவி வேலியையும் ஏரியையும் மெல்லக் கரைத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ராவிரி மராயே வரிசையில் போய் நின்றார். அந்த ஆவிக்குள்ளிருந்துதான் அண்ணன் நடந்து வந்தார். மூக்கு ஒட்டியது. பழைய மூச்சு, புகையிலை வாசனையோடு. அப்போது ராவிரியின் கன்னத்தில் ஈரம் வழிந்தது. பதறிப்போய்த் துண்டை உருவி வாயைத் துடைத்தார். உதடு காய்ந்துதான் இருந்தது.

"அதை இப்படிக் குடுடா," என்றார் ஹோரி, நனைந்த கண்ணைத் திறக்காமல்.