ஐஸ் மேல் போட்ட பழி

தாம்பரத்தில் இதய மருத்துவராக இருந்தபோது, மீன் விற்ற செல்வியின் பேச்சைச் சிரித்து ஒதுக்கினேன். மூச்சு வாங்குகிறது, இரண்டு கையும் மரத்துப்போகிறது என்றார். “நாள் முழுக்க ஐஸ்ல கை வச்சா மரக்காம என்னம்மா பண்ணும்?” என்று மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மறு வருடம் இதயம் செயலிழந்து இறந்தார்.

ஓய்வுபெற்ற பிறகு ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தேன். அமிலாய்டு என்னும் புரதம் இதயத்தில் படியும் நோயில், பல ஆண்டுகள் முன்பே கைகள் மரக்கலாம். அது பிள்ளைகளுக்கும் வரலாம். மீன் சந்தைக்குப் போய், அதே கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவர் மகள் தேவியிடம் என் தவறைச் சொன்னேன்.

“இத்தினி வருஷம் கழிச்சி இன்னாத்துக்கு சார் சொல்ற?”

“உனக்கும் கை மரக்குதாம்மா?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

அந்த நோயை ஆராயும் மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். அவளுக்கும் அதே நோய்தான்; தொடக்கத்திலேயே தெரிந்ததால் மருந்து கேட்கிறது.

“அம்மாவ கோட்ட வுட்டுட்ட, என்னப் புடிச்சிட்ட சார்” என்றாள் நேற்று, வஞ்சிரம் வெட்டியபடி. மன்னித்ததாக அவள் சொன்னதில்லை. என்னோடு பேசுகிறாளே, அதற்கே நன்றியோடிருக்கிறேன்.