ஒரு கிராம் கணக்கு

இயற்பியல் டீச்சர் விஜயத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். தல்லாகுளம் பக்கம் நடந்த விடைத்தாள் திருத்தும் முகாமில் அன்று காலையிலிருந்தே துடைத்துக்கொண்டிருந்தாள். ப்ளஸ் டூ வந்து இரண்டாம் வருஷம் அது.

ஒரு கிராம் நிறை முழுவதும் ஆற்றலாக மாறினால் எவ்வளவு என்பது கேள்வி. நிறையை ஒளியின் வேகத்தால் இரண்டு தடவை பெருக்கினால் விடை. அவள் படித்த காலத்தில் கிராம், சென்டிமீட்டர் போட்டு எர்க் என்ற அலகில் எழுதுவார்கள். இப்போது கிலோகிராம், மீட்டர், ஜூல். எர்க்கில் போட்டு ஜூலுக்கு மாற்றினாலும் ஒன்பது பெருக்கல் பத்தின் பதிமூன்றாம் அடுக்குதான். மேலேயிருந்து வந்த விடைக்குறிப்பிலோ பதினாறாம் அடுக்கு. யாரோ ஒரு புண்ணியவான் பழைய கிராமையும் புது மீட்டரையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருந்தார். ஒரு கிராம் ஏலக்காயைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒரு கிலோ என்று சொன்னால் மளிகைக் கடைக்காரரைச் சும்மா விடுவோமா? இங்கே சரியாக எழுதிய பிள்ளைகளுக்குச் சைபர்.

முகாம் தலைவர் நல்லகாமனிடம் போய்ச் சொன்னாள். எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார். அங்கேதான் அவளுக்குக் கை ஓடவில்லை. மகள் அனந்தலக்ஷ்மியும் அதே பரீட்சை எழுதியிருந்தாள். சொந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதினால் டீச்சர்கள் முகாமுக்கு வரக் கூடாது. புதுப் பாடத்தை எப்படித் திருத்துகிறார்கள் என்று பார்க்கும் ஆசையில், அப்படி யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். எழுதிக் கொடுக்காமல் திரும்பி வந்து, சாயங்காலம் வரை சரியான விடைகளைச் சிவப்பு மையால் அடித்தாள்.

கே.கே. நகர் வீட்டில் மகள், டாக்டர் சீட் கிடைக்குமா என்று மார்க்கைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒரு கிராம் கணக்கு, பத்து பவர் பதிமூணுதானேம்மா?"

"சரியாத்தான் எழுதிருக்க" என்றாள் விஜயம்.

மறுநாள் எழுதிக் கொடுத்தாள், மகள் பரீட்சை எழுதியதையும் சேர்த்து. நல்லகாமன் நிதானமாகப் படித்தார். ஒரு தாளில் கணக்கைப் போட்டும் பார்த்தார்.

"கணக்கு சரிதான் டீச்சர். ஆனா மகளுக்காகத் தாய் கேக்குறாகன்னுதான் மேல சொல்லுவாக. வேற யாராச்சும் சொல்லியிருந்தா அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் மார்க் கெடச்சிருக்கும்."

"அப்ப நீங்க சொல்லுங்க சார்."

அவர் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். மகள் பரீட்சை எழுதியிருப்பதால் அவள் முகாமை விட்டுப் போகலாம் என்றார்.

விஜயம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் பாதியில் விட்ட விடைத்தாள் கட்டைப் பக்கத்து மேசை டீச்சர் இழுத்து வைத்துக்கொண்டு, அதே விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்த ஆரம்பித்தார்.