சொல்லக்கூடாத வினிகர்

எங்கள் ஊரில் யாராவது தேர்வில் தேறினால் மறுநாளே வாசலில் பிளெக்ஸ் ஏறிவிடும். நர்ஸ் தேர்வோ, வாத்தியார் தேர்வோ, மாலுமித் தேர்வோ, எதுவானாலும் சரி. தேறியவர் முகம் ஆளுயரத்துக்கு இருக்கும், கீழே பெற்றோர் பெயர் இருக்கும், அதற்குப் பக்கத்தில் காசு கொடுத்த வட்டாரத் தலைவரின் முகம் இன்னும் பெரிதாக இருக்கும். ரோவேனா துமலகன் வீட்டு வாசலில் மட்டும் எதுவும் ஏறியதில்லை. வேதியியலாளர் உரிமத் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டவள் அவள். பிளெக்ஸ் கட்டுவதற்கென்று அவள் அப்பா ஆசையாக வாங்கிய மூங்கில் கம்பங்கள் கடைசியில் கோழிக்கூண்டுக்குப் போயின.

அதற்குப் பிறகுதான் மக்கிலிங் மலையடிவாரத்துப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் பிறப்பதைக் கடைவீதிக்கு அனுப்பும் அலுவலகம் அது. அங்கே எல்லாருக்கும் அவள் வெங். "கல்யாணத் தரகர் வேலைதான்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். பேராசிரியருக்குத் தன் பிள்ளை உலக அழகி என்ற நினைப்பு. கம்பெனிக்காரனுக்கு மூக்கு சப்பை என்று குறை. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்து, யார் விற்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசி முடிப்பதற்குள் பாதி சம்பந்தம் முறிந்துபோகும்.

முறியவே கூடாது என்று அவள் உயிரைக் கொடுத்து உழைத்த சம்பந்தம் டாக்டர் கிரிசாந்தோ மக்பந்தாயின் மாம்பழப் பூச்சு. அதில் முக்கியெடுத்த பழம் ஒரு மாதம் சுருங்காது. செபு தீவிலிருந்து பழம் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி அதைக் கேட்டது. ஒரே நிபந்தனை, ஐரோப்பாவிலும் காப்புரிமை வேண்டும். அடுத்த வாரம் விண்ணப்பம் போவதாக இருந்தது. அதுவரை வெளியே மூச்சு விடக்கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால் நம் நாட்டுச் சட்டம் ஓராண்டு பொறுக்கும், ஐரோப்பா ஒரு நாள்கூடப் பொறுக்காது, ஊருக்குத் தெரிந்துவிட்ட கண்டுபிடிப்புக்கு அங்கே காப்புரிமை கிடையாது.

புனிதர் சான் இசித்ரோவின் திருவிழாவுக்கு முந்தின நாள் கிரிசாந்தோ கைப்பேசியோடு வந்து நின்றார்.

"மேம் வெங், கோவிச்சுக்காதீங்க. எங்க நானாய் பிளெக்ஸ் அடிச்சிருக்காங்க."

படத்தில் டாக்டரின் சிரிப்பு, ஒரு மாம்பழம், அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'சலுயோட் கீரையும் கள்ளு வினிகரும் கலந்து மாம்பழத்தைக் காப்பாற்றிய எங்கள் மகன்.' வெங் அந்த வரியை இரண்டு விரலால் பெரிதாக்கிப் படித்தாள். கீரையைப் பலரும் முயன்று பார்த்துவிட்டார்கள். வினிகரைச் சேர்த்ததுதான் கண்டுபிடிப்பு.

"மாட்டியாச்சா?"

"நாளைக்குக் காலைல, ஊர்வலத்துக்கு முன்னாடி."

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே, டாக்டர்?"

"நானாய்கிட்டயா?" என்றார் டாக்டர். வெளிநாட்டுப் பேராசிரியர்களோடு மல்லுக்கு நிற்பவர் அவர், அம்மாவிடம் மட்டும் வாய் எழாது.

இருவரும் ஜீப்னி வண்டி பிடித்து முதலில் அச்சுக்கடைக்குப் போனார்கள். அந்த வரியைப் பார்த்தவர் எல்லாரும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். கடைக்கார ஓபெத் பேனாவை வாங்கியபடியே, "மேயர் சம்சாரத்தோட நிஜ வயசையே நான் அச்சடிச்சிருக்கேன் மேம். அதுக்கே யாரும் கையெழுத்து கேக்கல. மாம்பழத்துக்கா?" என்றான்.

டாக்டரின் அம்மா பெயர் பூரிதா. மகனை நினைத்துப் பூரித்துப் போவதற்கென்றே வைத்த பெயர் மாதிரி. திருவிழாப் பன்றி இறைச்சி அடுப்பில் கொதிக்க, பிளெக்ஸைச் சமையலறைத் தரையில் விரித்து வைத்திருந்தாள்.

"எதிர்வீட்டு நர்ஸ் பொண்ணுக்கு பஸ் நீளத்துக்கு வச்சாங்க. எம்மகன் பேரை நான் ஒளிச்சு வைக்கணுமோ?"

"பேரை வைங்க, முகத்தை வைங்க, நானாய். இந்தச் சிவப்பு வரியை மட்டும் எடுத்துடலாம்."

பூரிதா கரண்டியைக் கீழே வைத்தாள். "வினிகர் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா, மகளே? எங்க ஜாடியிலேருந்து. இதுல என்னோடதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

வெங் பிளெக்ஸின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிளெக்ஸில் இடம் கிடைக்காதவளின் மனசு அவளுக்குத் தெரியாதா. சட்டத்தைக் காட்டி மிரட்டியிருக்கலாம், அவளுக்கு வாய் வரவில்லை.

"அழிக்க வேணாம். மூடி வைப்போம். நேரம் வரும்போது நீங்களே திறந்துவிடுங்க. அதுவரை யார் கேட்டாலும் 'இன்னும் சொல்லக்கூடாது', அவ்வளவுதான்."

"பாதர் கேட்டா?"

"அவருக்கும் அதேதான்."

"பாவசங்கீர்த்தனத்துல?"

"வினிகர் பாவமில்லையே, நானாய்."

கிழவி சிரித்துவிட்டாள். பூப்போட்ட மேசைவிரிப்பு ஒன்றை எடுத்து இருவருமாக அந்த வரியின் மேல் நாலு பக்கமும் தைத்தார்கள்.

திருவிழா அன்று ஊர்வலமே அந்தத் துணியின் முன் நின்று நகர்ந்தது. நர்ஸ் பெண்ணின் பிளெக்ஸை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூரிதா வாசலில் நாற்காலி போட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். "சொல்லக்கூடாது. ஐரோப்பா சமாச்சாரம்." பூண்டா, இஞ்சியா, எலுமிச்சையா என்று அக்கம்பக்கம் துளைத்தெடுத்தது. வாய் ஓயாத பூரிதா உதட்டை இறுக்கிக்கொண்டாள். கையில் தட்டோடு பக்கத்திலேயே நின்ற வெங்குக்குச் சோறு இறங்கவில்லை. விருந்தாளிகள் கலைந்ததும் பூரிதா அவள் காதோரம் குனிந்து, "ஒரு தடவைகூடச் சொல்லல" என்றாள். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் பெருமை அந்தக் குரலில் இருந்தது.

சொன்னபடி அடுத்த வாரம் விண்ணப்பம் போனது. கம்பெனி கையெழுத்திட்டது. இரண்டு மாம்பழப் பருவம் கழித்து முதல் கப்பல் ஐரோப்பாவின் ராட்டர்டாம் துறைமுகத்தில் பழத்தை இறக்கியது. ஒரு சுருக்கமும் இல்லை.

அந்தச் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் புறப்பட்ட வெங் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே ஒரு பிளெக்ஸ். அடையாள அட்டையிலிருந்து எடுத்த அவள் முகம், ஒரு கண் பாதி மூடியபடி, ஆளுயரத்துக்கு. கீழே சிவப்பு எழுத்தில்:

'பூச்சு: டாக்டர் கிரிசாந்தோ மக்பந்தாய். கள்ளு வினிகர்: பூரிதா மக்பந்தாய். எங்கள் வாயைக் கட்டி மாம்பழத்தைக் கப்பலேற்றியவர்: ரோவேனா துமலகன்.'

அவள் அப்பா கம்பத்தை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். மூங்கில் கருத்துப் போயிருந்தது. முற்றம் முழுக்கக் கோழிகள் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தன.

"கூண்டைப் பிரிச்சுட்டீங்களா, அப்பா? கோழியெல்லாம் எங்க அடையும்?"

அப்பா முடிச்சை இறுக்கினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கயோ அடையட்டும். கம்பம் அதுங்களுக்கு வாங்கினது இல்லையே."