இல்லை என்று சொல்ல விடாத பேச்சு

நான் யாரையும் அதட்டி வேலை வாங்கியதில்லை. அதைப் பல வருடங்கள் என் நற்குணமாகவே எண்ணியிருந்தேன். பொறியியல் படித்து, ஒரு பெரிய ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது அம்பத்தூரில் ரப்பர் வாஷர் செய்யும் சிறிய தொழிற்கூடத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எனக்கென்று ஒரு முறை உண்டு. காரியம் ஆக வேண்டிய ஆளைத் தனியாக டீக்கடைக்கு அழைத்துப் போவேன். வீட்டு நலம் விசாரிப்பேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்ன நம்பித்தான் மேல வாக்கு குடுத்துட்டேன்" என்பேன். மறுத்தவர் அரிது.

இந்த வருடம் முதலாளி பூந்தமல்லிக்கு அப்பால், ரயில் போகாத இடத்தில் பெரிய கொட்டகை எடுத்தார். எல்லோரும் அங்கே வந்துவிட வேண்டும். பேசிச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு. முதலில் சரக்கின் தரம் பார்க்கும் பெண்ணிடம் போனேன். அவள் சரி என்றால் மற்றப் பெண்களும் சரி என்பார்கள். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருபவள். கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். பள்ளி விட்டு வரும் மகளுக்கு அவள்தான் துணை.

"வாம்மா, ஒரு டீ சாப்பிட்டு வரலாம்."

அவள் எழவில்லை. "டீ வேணாம் சார். இன்னா கேக்கணுமோ இங்கியே கேளுங்க."

பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். "சார் டீ வாங்கிக் குடுத்தா அந்த ஞாயித்துக்கெழம லீவு போச்சுக்கா."

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "போன வருசம் பாப்பா ஸ்கூல் மேடையில ஆடுன அன்னிக்கு நான் இங்கதான் சார் இருந்தேன். நீங்க கேட்டா இல்லன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. அப்பால ஊட்டுக்குப் போயி அழுவுறேன்."

அன்று மகள் ஆடுவது எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும். ஆண்டு விழா என்று அவளே அன்று சொன்னாள். "அடுத்த வருசமும் ஆடத்தானே போறா" என்று சொல்லி வரவழைத்தேன். அதட்டுகிறவரையாவது எதிர்த்துப் பேசலாம், முதுகுக்குப் பின்னால் திட்டலாம். நான் அதற்கும் இடம் வைக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரிடமும் சேர்த்தே கேட்டேன். "முடியாதவங்க முடியாதுன்னு சொல்லுங்க. அப்படியே மேல சொல்றேன்." எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். என்னை நம்பவில்லை, நியாயம்தான். கடைசியில் அவள்தான் சொன்னாள்: ரயில் பிடிக்க ஆவடி ஸ்டேஷனுக்கு வேன் விட்டு, சாயங்காலம் ஐந்துக்கு அனுப்பினால் வருவாள். பஸ் மாறி இருட்டிய பிறகு வீடு சேர்வதென்றால் வேலையை விட்டுவிடுவாள்.

முதலாளியின் அறைக்குள் நுழையும்போதுதான் உறைத்தது. என் பேச்சுத் திறமையெல்லாம் எனக்குக் கீழே இருந்தவர்களிடமே செலவாகியிருக்கிறது. மேலே இருந்தவர்களிடம் நான் தலையைத்தான் ஆட்டியிருக்கிறேன்.

"அங்கிள், நீங்க யாரு பக்கம்?" என்றார் முதலாளி. என் மகன் வயது.

"அவங்க சொன்னதச் சொல்றேன் தம்பி. வேன் இல்லன்னா அந்தப் பொண்ணு நின்னுடும். புது ஆளுக்குக் கண்ணு பழகறதுக்குள்ள எவ்ளோ சரக்கு திரும்பி வரும்னு யோசிங்க."

நயமாகப் பேச வரவில்லை. ஆனால் அவர் யோசித்தார். அந்த வாரக் கடைசியில் வேனுக்குச் சம்மதித்தார். ஐந்து மணிக்கு மட்டும் ஒப்பவில்லை, ஐந்தரை.

அவளிடம் அதை அப்படியே சொன்னேன். நம்பிக்கை, வாக்கு என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு நின்றேன்.

அவள் வீடு சேரும் நேரத்தைக் கணக்குப் போட்டாள். "மூணு மாசம் பாக்குறேன் சார். ஒத்துவரலன்னா சொல்லிடுவேன்."

"சொல்லும்மா."

"சொல்லாம இருக்க மாட்டேன்" என்று நிமிர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த வாஷர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.